கேஸ் குறைந்துவிட்டது என்று சொன்னால் எங்கே போனது என்று கேளுங்கள்

எங்கள் படுக்கையறை ஏசி இரண்டாவது கோடையிலேயே குளிர்ச்சி குறைந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிடலாம்" என்றார். எங்கே போனது என்று கேட்டேன். "ஓட ஓட குறையத்தானே செய்யும்" என்றார்.

இந்தப் பதிலை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி அதே கேஸ்தான் சுற்றி வருகிறது. குறைந்தால் ஏதோ ஓர் இடத்தில் ஒழுகுகிறது. அதை அடைக்காமல் நிரப்பினால் நிரப்பியதும் வெளியே போகும்.

லீக் டெஸ்ட் செய்யாமல் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வேறொருவர் நைட்ரஜன் சிலிண்டரோடு வந்தார். குழாயில் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால், ஃப்ளேர் நட் இருக்கும் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. ஏசியை மாட்டும்போது போடுகிற இணைப்பு அது.

வாரண்டிப் பேச்சு அங்கேதான் சிக்கியது. தயாரிப்புக் குறை இல்லை, மாட்டியதில் உள்ள குறை, அதனால் காசு கட்டுங்கள் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். மாட்டியதும் அவர்கள் அனுப்பிய ஆள்தான். அன்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் நான் என்ன பேசியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

* * *

நான் இந்த வேலையே செய்கிறவன். மேலே சகோ சொன்னது முழுக்கச் சரி. கேஸ் போடும் விதத்தையும் கவனியுங்கள். லீக்கை அடைத்த பிறகு வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரசருக்கே ஆபத்து. அதன் பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை பார்த்து ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எவ்வளவு எடை என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் கூடிக் குறையும், அதோடு அழுத்தமும் மாறும். கேஜை மட்டும் பார்த்து "போதும்" என்று நிறுத்துவது ஊகம்தான்.

ஏசி கேஸில் வகைகள் உண்டு; ஆர்-32 கேஸ் இருக்கும் இயந்திரத்தில் ஆர்-410ஏ கேஸைப் போடவே கூடாது. 410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் எடையில் பாதிப் பாதி சேர்ந்த கலவை. ஆர்-32 தனியாக இருக்கும்போது மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. கேஸை வெளியே எடுக்காமல் குழாயில் பற்றவைப்பு வேலை செய்ய யார் வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

இன்டோர் யூனிட்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் ஐஸ் பிடித்தாலே கேஸ் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மட்டும் ஓட விடுங்கள், உருகட்டும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஐஸ் வந்தால் கூப்பிடுங்கள்.

* * *

எங்கள் வீட்டில் அவுட்டோர் யூனிட்டில் 'உம்ம்' என்று சத்தம் வரும், ஃபேன் மட்டும் சுற்றாது. கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவரைக் கூப்பிட்டோம். மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டரின் மேல்பகுதி உப்பியிருந்தது. அதை மாற்றியதும் ஓடிவிட்டது. பெரிய செலவைச் சொன்னால் இரண்டாவது கருத்து கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆனால் கெபாசிட்டரை நீங்களே தொடாதீர்கள், மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

* * *

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்காக ஒன்று. எங்களுடையது ஹீட் பம்ப், அதாவது அறையைச் சூடாக்கவும் செய்யும் ஏசி. குளிர்காலத்தில் சூடான காற்று திடீரென்று நின்றுபோய், வெளியே உள்ள யூனிட்டிலிருந்து புகை மாதிரி கிளம்பியது. வீட்டில் எல்லாரும் பதறிவிட்டார்கள். அது புகை இல்லை, நீராவி. வெளிக் காயிலில் படியும் பனியை உருக்க இயந்திரம் சற்று நேரம் தலைகீழாக ஓடுகிறது, டிஃப்ராஸ்ட் என்பார்கள். சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும். பனிக்கட்டி நாள் முழுக்க உருகாமல் காயிலை மூடி நின்றால்தான் புகார் செய்ய வேண்டும்.

* * *

பத்து வருட வாரண்டி என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும். எங்களுக்குப் போனது ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான பிசிபி போர்டு, அதற்கான காலம் முடிந்திருந்தது. வாங்கும்போதே போர்டு, காயில், கேஸ், வேலைக்கூலி என ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கம்ப்ரசரை இலவசமாக மாற்றினாலும் கேஸுக்கும் கூலிக்கும் பணம் கேட்கும் திட்டங்கள் உண்டு.

எனக்கு இப்போது ஒரு கேள்வி. கூலிங் காயிலிலேயே லீக். ஒரு தடவை பற்றவைத்தார்கள், மறுபடியும் ஒழுகுகிறது. காயிலுக்கு வாரண்டி இன்னும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

* * *

முதலில் எழுதியவன்தான். திரும்பப் பற்றவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், காயிலையே மாற்றக் கேளுங்கள். அரிப்பினால் வந்த ஓட்டை என்றால் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். முதல் தடவை கொடுத்த ஜாப் ஷீட்டில் "காயில் லீக்" என்று எழுதியிருக்கிறதா, வெறும் "கேஸ் சார்ஜிங்" என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் சார்ஜிங் என்றால், இந்த முறை ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து, காரணத்தை எழுதச் சொல்லிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாரண்டி முடிவதற்குள் புகார் எண்ணும் பதிவாகிவிட வேண்டும். வாங்கிய பில்லையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். தெர்மல் தாளில் அச்சடித்தது என்றால் எழுத்து மங்கிக்கொண்டே வரும்.