மழை குறைந்த தூந்திராவில் ஏன் இவ்வளவு குளம்?

உவர்மலைப் பெடியன்:
கனடாவின் வடக்கே, மரமில்லாத குளிர்நிலமான தூந்திராவை ஒட்டிய சேர்ச்சில் ஊர்ப் பக்கம் வேலைக்குப் போன மச்சான் படம் அனுப்பினான். பார்க்கும் இடமெல்லாம் குட்டை. அங்கே மழை, பனி எல்லாம் சேர்த்தே வருடத்துக்கு 500 மில்லிமீற்றர் வராதாம். திருகோணமலையில் அதைப்போல மூன்று மடங்கு பெய்கிறது. ஆனாலும் ஆடியில் கச்சான் அடித்தால் எங்கள் கிணற்றில் வாளி சேற்றில்தான் இடிக்கிறது. எப்படி?

நிலாவெளி ரீச்சர்:
தம்பி, அங்கே நிலத்தடி நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும்தான் இளகும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. ஆவியாகவும் அவசரமில்லை: ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,500 கிலோயூல் வெப்பசக்தி வேண்டும். வசந்த வெயிலில் பெரும்பங்கைப் புதுப்பனி திருப்பி அனுப்பிவிடும், மிச்சத்தில் கொஞ்சம் பனியை உருக்கவே போய்விடும்.

உவர்மலைப் பெடியன்:
சரி ரீச்சர், மரம் இருக்கிற பக்கம் குளிர்ச்சியாக இருக்குமா, எங்கள் மாமரத்தடி மாதிரி?

நிலாவெளி ரீச்சர்:
நிழல் உண்டு, ஆனால் கணக்கு வேறு. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் பனிக்கு மேலே கறுப்பாக நிற்பதால் வெயிலை வாங்கிக்கொள்ளும். வேர் குளிர்மண்ணில், காற்றோ வறட்சி, அதனால் மரம் இலைத்துளைகளை இறுக்கிவிடும், தண்ணீர் ஆவியாவது குறையும். வாங்கிய சக்தியில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கத்தான் போகிறது. 1994இல் கனடாவில் நடந்த போரியஸ் என்ற வடபுலக் காட்டுக் கள ஆய்வில் இதை அளந்தே காட்டினார்கள்.

மூதூர் விவசாயி:
அங்கே தரையில் மெத்தைபோலப் படர்ந்திருக்கும் பாசியையும் சேருங்கோ. மேல்பாகம் காய்ந்தால் அதுவே மூடி. கீழே ஈரம் ஊறிக் கிடக்கும், வெப்பமும் லேசில் இறங்காது. நாங்கள் மிளகாய்ப் பாத்திக்கு வைக்கோல் பரப்புவதும் இதுக்குத்தானே.