உவரி மணலில் ஆண் நண்டு எங்கே?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி.

மகளின் பள்ளி புராஜெக்டுக்காக உவரியில், அலை வந்து திரும்பும் இடத்தில், பின்பக்கமாகவே மணலுக்குள் புதையும் முட்டை வடிவ மணல் நண்டுகளை எண்ணுகிறோம். (எண்ணியதும் கடலிலேயே விட்டுவிடுகிறோம்.) மூன்று ஞாயிறாக வாளியில் சேர்வது பெரும்பாலும் பெண்தான், அடிவயிற்றில் ஆரஞ்சு நிற முட்டையோடு. ஆண் ஐந்தாறுகூடத் தேறவில்லை.

எனக்குச் சந்தேகம் சல்லடை மேல். ஆண் மிகப் பொடிசு, சில மில்லிமீட்டரிலேயே முதிர்ந்துவிடும். கண்ணி வழியாக நழுவியிருக்கலாம். போதாததற்கு, தமிழகக் கரையில் உள்ள ஓர் இனத்தில் சிறியதாக இருக்கையில் ஆணாகத் திரிவது வளர்ந்ததும் பெண்ணாகிவிடும் என்றும் ஆய்வு உண்டு. அப்படியானால் பெரியதையே அள்ளினால் பெண் கூடத்தானே செய்யும்! தொட்டால் உருண்டையாகச் சுருளும் ஒரு நிலவாழ் ஓட்டுடலியில் (நண்டுக்குத் தூரத்துச் சொந்தம்) வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவே ஆணைப் பெண்ணாக்கிவிடுகிறது. இங்கேயும் அப்படி ஏதும் இருக்குமோ?

எத்தனை மில்லிமீட்டர் கண்ணிச் சல்லடை வாங்கலாம்? பொடிசுகளில் ஆண் பெண் பிரிக்க கைலென்ஸ் போதுமா, மைக்ராஸ்கோப்தான் வேண்டுமா? அப்புறம், கூட்டப்புளி, இடிந்தகரைக்காரர்கள் உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்றும் சொல்லுங்கள். ஞாயிறு விடியற்காலை மறுபடி போகிறோம்.