பாலம் பார்க்கப் போகிறவர் கையில் ட்ரோனா, சுத்தியலா?

வாணியாற்றங்கரை:

நான் அரூர்க்காரன். பாலம் கட்டும் ஒரு ஒப்பந்ததாரரிடம் பிளானிங் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். போன வாரம் இந்த விவாதக் குழுவில் ஒரு யோசனை சொன்னேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இருக்கிற சின்னப் பாலம், தரைப்பாலம், ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகும் கல்வெர்ட் அத்தனையையும் செல்போன் செயலியும் ட்ரோனும் வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, ஒரே வரைபடத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று. அதற்கு ஓவர்சியர் ஐயா "வெட்டிச் செலவு" என்று ஒரே வரியில் பதில் போட்டார். விரிவாகப் பேசலாம் என்றுதான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் மகாட் பக்கம் சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. பஸ்கள் அப்படியே ஆற்றுக்குள் போயின. இரண்டு மாதம் கழித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஐ.பி.எம்.எஸ். என்ற பாலப் பதிவேட்டைத் தொடங்கி, தேசிய நெடுஞ்சாலைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேலான பாலங்களையும் கல்வெர்ட்டுகளையும் எண் போட்டுக் கணினியில் ஏற்றியது. சரி, பெரிய ரோட்டுக்கு அது ஆயிற்று. 44ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மொரப்பூர், தீர்த்தமலைப் பக்கம் உள்ளே போனால் ஓடைக்கு ஓடை ஒரு பாலம் இருக்கிறது. அதில் எது நல்லது, எது அடுத்த மழைக்குத் தாங்காது என்று சொல்ல ஒரே இடத்தில் கணக்கு வேண்டாமா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

தம்பி, ஒரு வரியில் எழுதியது தப்புதான், இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

31 வருடம் பாலத்துக்கு அடியில் நடந்தவன் நான். சுத்தியலால் ஸ்லாபின் அடியில் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டிங்' என்று சொல்லும், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி மேல்பூச்சு விட்டிருந்தால் 'பொத்' என்று சொல்லும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் கூட இருக்காது. இதை எந்தப் படம் காட்டும்? அப்புறம் பேரிங், அதாவது பாலத் தளத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் தாங்குதுண்டு. பியர் என்கிற பாலத் தூணுக்கு மேலே ஏறிப் படுத்துப் பார்த்தால்தான் பேரிங் பிதுங்கியிருக்கிறதா, மண் அடைத்து நகர முடியாமல் கிடக்கிறதா என்று தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஆற்றுப் பாலம் பெரும்பாலும் மேலிருந்து விழுவதில்லை. வெள்ளம் பியரைச் சுற்றி மண்ணைப் பறிக்கும், அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் சாயும். வெள்ளம் வடியும்போது அதே ஆறு அந்தக் குழியில் மணலைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டுப் போகும். வடிந்த பிறகு ட்ரோன் பறக்கவிட்டால் ஆற்றுப்படுகை சமமாக அழகாகத் தெரியும். நாங்கள் என்ன செய்வோம் என்றால், நீளமான இரும்புக் கம்பியைப் பியருக்குப் பக்கத்தில் குத்திப் பார்ப்போம். பழைய இறுகிய மண் என்றால் இறங்காது. புதிதாக நிரம்பிய மணல் என்றால் ஆறடி கூட வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்தக் கம்பியின் விலை என்ன, நீ சொல்கிற ட்ரோனின் விலை என்ன?

ஓசூர் ட்ரோன்:

ஐயா, ட்ரோன் ஓட்டுவதும் அதில் வரும் படத்தைக் கோத்து முப்பரிமாண வரைபடம் ஆக்குவதும்தான் என் தொழில். அதனால் என் பக்கத்துக் குறையை நானே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகக் கிடைக்கும் 20 மெகாபிக்சல் ட்ரோனில் ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் படத்தில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வரும். 0.3 மில்லிமீட்டர் விரிசல் அதில் தெரியாது. இன்னும் நெருங்கிப் போக வேண்டும், ஆனால் பாலத்துக்கு அடியில் ஜி.பி.எஸ். சிக்னல் அறுந்துவிடும், காற்றும் சுழலும். இதைச் சொல்லாமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது.

ஆனால் 'பொத்' சத்தத்துக்கு ஒரு பதில் உண்டு. உள்ளே ஒட்டு விட்டுப்போன இடம் வெயிலில் வேகமாகச் சூடாகும், வெப்பக் கேமராவில் வேறு நிறமாகத் தெரியும். வெயிலே படாத அடிப்பக்கத்தில் இது சிரமம், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சென்சார். பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பொருத்திய சென்சார்கள் 2022 டிசம்பரில் எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் ரயிலை நிறுத்தினார்கள். கடல் நடுவில் 24 மணி நேரமும் யார் சுத்தியலோடு நிற்க முடியும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

பாம்பனை ஒத்துக்கொள்கிறேன். எச்சரிக்கை வந்தவுடன் ரயிலை நிறுத்த அங்கே ஒரு ஆள் இருந்தார், அதனால் அது வேலை செய்தது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் பாலத்தைப் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 1 மாலை மிசிசிப்பி ஆற்றில் விழுந்தது, 13 பேர் செத்தார்கள். இரும்புச் சட்டங்கள் சேரும் இடத்தில் போடும் கஸெட் பிளேட் ஒரு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலம்தான் இருந்தது. அந்தப் பிளேட் வளைந்திருப்பது 2003இலேயே எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நாலு வருடம் படம் கையில் இருந்தது, பாலத்தைக் காப்பாற்றியதா? நீங்கள் இரண்டாயிரம் பாலத்துக்கு இருபது லட்சம் படம் எடுத்துக் குவித்தால் அதை உட்கார்ந்து பார்க்கப் போகிறவர் யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வாணியாற்றங்கரை:

ஐயா அந்த உதாரணத்தை என் பக்கம் வைத்தே பேசுவேன். 2003இல் எடுத்த படம் ஒரு ஃபைலில் தூங்கியது. 'இந்தப் பிளேட் நேராக இருக்க வேண்டும், இங்கே வளைந்திருக்கிறது' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட யாரும் இல்லை. ஒரே பியரை ஒரே கோணத்தில் வருடா வருடம் எடுத்து அடுக்கி வைத்தால் போன வருடம் இல்லாதது இந்த வருடம் எங்கே வந்தது என்று கணினியே வட்டம் போட்டுக் காட்டும். நீங்கள் 31 வருடம் தட்டிக் கேட்ட சத்தம் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது? நீங்கள் ஓய்வு பெற்ற அன்றே அதுவும் ஓய்வு பெற்றுவிட்டதே ஐயா. எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு அடுத்து வந்தவர் முதல் பாலத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருப்பார்.

பாலக்கோடு மேஸ்திரி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் படித்தது பத்தாவது. கம்பி கட்டி, சென்டரிங் அடித்து, கான்கிரீட் போடும் ஆள். ஆய்வைப் பற்றியே பேசுகிறீர்கள், கட்டும்போது நடப்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு சிறு பாலத்தில் வேலை செய்தேன். எந்த வேலை என்று சொல்ல மாட்டேன். கம்பி கட்டி முடித்ததும் இடம், நேரம் பதிந்த படத்தைச் செயலியில் ஏற்றி, மேலே இருக்கும் இன்ஜினியர் சரி கொடுத்தால்தான் கான்கிரீட் போடலாம். நல்ல ஏற்பாடுதான், கம்பியைக் குறைத்துக் கட்டிவிட்டு மூடி மறைக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தில் டவர் கிடையாது. படம் ஏறவில்லை. மிக்ஸர் லாரி வந்து நின்றுவிட்டது, கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது, நேரம் போகப் போக இறுகும், அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பலம் போய்விடும். சைட்டில் இருந்த பையன் என்ன செய்தான் தெரியுமா, முந்தின பியரின் படத்தை மேட்டுக்கு ஓடிப்போய் ஏற்றினான். சரி என்று பச்சை விழுந்தது. நான் கம்பியை ஒழுங்காகத்தான் கட்டியிருந்தேன், என் கையால் கட்டியது எனக்குத் தெரியும். ஆனால் கணினியில் இருக்கும் படம் வேறு பியருடையது. நாளைக்கு எவனாவது அதை நம்பிக் கணக்குப் போட்டால்? அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

வாணியாற்றங்கரை:

மேஸ்திரி அண்ணே, இதை வெளியே சொன்னதற்கே உங்களுக்கு நன்றி. டவர் இல்லாத இடத்திலும் படத்தை நேரத்தோடு போனிலேயே பூட்டி வைத்து, சிக்னல் வந்ததும் தானாக ஏற்றும் வசதியைச் செயலியில் வைக்க முடியும். கூடவே போனிலேயே சரிபார்ப்புப் பட்டியலை முடித்து, சைட்டில் இருக்கும் இன்ஜினியரே கையெழுத்துப் போட அதிகாரம் வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து செயலியை வாங்கியவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பையனுக்குப் பொய் சொல்லும் வேலையே வந்திருக்காது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

திட்ட அட்டவணை பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. பிரைமவேரா என்ற திட்டமிடும் மென்பொருளில் கோடு கோடாகப் போட்டுக் கொண்டுவருவார்கள். ஜூலையில் வேலை ஆணை, அக்டோபரில் ஆற்று நடுவில் அஸ்திவாரம். தென்பெண்ணையில் அக்டோபரில் அஸ்திவாரமா? மாசி, பங்குனியில் மணல் காயும்போது அஸ்திவாரத்தை முடித்து, ஆற்று மட்டத்துக்கு மேலே பியரை ஏற்றிவிட வேண்டும், அப்புறம் மழையில் கர்டர், அதாவது தளத்தைத் தாங்கும் உத்திரம், வார்க்கும் வேலையைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். கணினிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று தெரிகிறது, கிருஷ்ணகிரி அணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று தெரியவில்லை.

வாணியாற்றங்கரை:

அந்த மென்பொருளின் நாட்காட்டியில் மழை மாதங்களை வேலை இல்லாத நாளாகக் குறிக்க ஐந்து நிமிடம் போதும். அதைக் குறித்தால் முடியும் தேதி ஆறு மாதம் தள்ளிப் போகும், தள்ளிப் போனால் மேலே திட்டுவார்கள், அதனால் குறிப்பதில்லை. நானே அப்படிக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். அது மென்பொருளின் தப்பு கிடையாது, என் தப்பு.

ஊத்தங்கரை கடைக்காரம்மா:

எனக்கு உங்கள் மென்பொருள் எல்லாம் தெரியாது. 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை. ரோட்டோரம் நின்ற வேனும் காரும் தண்ணீரில் உருண்டு போனதைப் பார்த்தவள் நான். அதற்கு மறுநாள் தென்பெண்ணையில் கீழே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் போனது. 16 கோடி ரூபாய், திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய பாலம் என்றால் கம்பி துரு, பேரிங் பிதுக்கம் என்று சொல்லலாம். அது புதுப் பாலம். உங்கள் ட்ரோன் பறந்திருந்தாலும் 'நல்ல நிலையில் உள்ளது' என்றுதான் எழுதியிருக்கும். ஐயாவின் சுத்தியல் 'டிங்' என்றுதான் சொல்லியிருக்கும். அப்படியானால் எங்களைப் போல ஆற்றோரம் இருப்பவர்களுக்கு இரண்டு பேரும் என்ன பதில் சொல்கிறீர்கள்?

வாணியாற்றங்கரை:

அம்மா, இந்தக் கேள்விதான் நான் தொடங்கும்போதே கேட்டிருக்க வேண்டியது.

அந்தப் பாலம் விநாடிக்குச் சுமார் 54,000 கனஅடிக்கு வடிவமைத்தது என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வந்தது 1,68,000 கனஅடி. பாலத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்ற முதல் எண்ணே சிறியதாகிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் பயன் இல்லை. நம் பக்கம் ஓடைப் பாலங்களுக்கு ரைவ்ஸ் சூத்திரம் என்ற பழைய கணக்குதான் கை கொடுத்தது. நீர்பிடிப்புப் பரப்பை எடுத்து, கடலிலிருந்து எவ்வளவு தூரம், மலை ஓரமா என்பதைப் பார்த்து 6.8, 8.5, 10 என்று ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டினால் என்ன ஆகும் என்று அந்தச் சூத்திரத்திடம் கேட்கவே முடியாது, அதில் மழைக்கு இடமே இல்லை. இப்போது ஹெக்ராஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆற்றின் குறுக்கு வெட்டு, நில உயரம், மழையிலிருந்து வரும் நீரளவு எல்லாம் கொடுத்தால் எந்தப் பாலத்தில் தண்ணீர் எந்த உயரம் வரும், எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று காட்டும். அந்த வேகம் தெரிந்தால்தான் மண் அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்றும் கணக்கிட முடியும். அத்தனை பாலத்தையும் படம் எடுப்பதற்கு முன்னால் அத்தனை பாலத்துக்கும் 2024 மழையை வைத்து இந்தக் கணக்கை ஓட்ட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ட்ரோனை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர் ட்ரோன்:

நில உயரத்துக்கு ட்ரோன் உதவும், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த ஆற்றுப்படுகையைக் கோடையில் அளந்து கொடுக்க என்னால் முடியும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

இது எனக்குப் புரிகிறது, இதில் சண்டை இல்லை. ஆனால் கணினி சொல்லும் உயரம் சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பாய் தம்பி? நாங்கள் பாலம் கட்ட இடம் பார்க்கப் போனால் முதலில் ஊருக்குள் போய் வயதான பாட்டிகளிடம் கேட்போம், 'ஆயா, தண்ணீர் எது வரைக்கும் வந்தது' என்று. கோயில் படி, கிணற்று மேடு, புளியமரத்து வேர் என்று கை காட்டுவார்கள். அந்த மட்டத்தைத்தான் பியரில் பெயின்ட் அடித்து உச்ச வெள்ள மட்டம் என்று எழுதுவோம். 2024இல் தண்ணீர் நின்ற தடம் இன்னும் சுவர்களில் இருக்கும், இந்த வருடம் வெள்ளையடித்தால் போய்விடும். செயலி செய்ய வேண்டும் என்றால் முதலில் இதற்குச் செய்.

செயலியை நம்பிப் பாலத்துக்கு அடியில் போகாமல் இருக்கும் ஆட்களை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அதையும் எழுதி வைத்துக்கொள்.

ஊத்தங்கரை கடைக்காரம்மா:

எங்கள் கடைச் சுவரில் தடம் இருக்கிறது. இப்போதே டேப் வைத்துப் பார்த்தேன், ரோட்டிலிருந்து நாலடி இரண்டு அங்குலம். போட்டோவும் எடுத்துவிட்டேன். யாருக்கு அனுப்ப வேண்டும்?

வாணியாற்றங்கரை:

எனக்கு அனுப்புங்கள் அம்மா. பக்கத்துக் கடை, பள்ளிக்கூடச் சுவர் எல்லாவற்றிலும் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

ரோட்டிலிருந்து அளக்காதே அம்மா. தார் மேல் தார் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகும், அடுத்த வருடம் இதே தடம் மூன்றரை அடி என்று காட்டும். உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்வெர்ட்டின் தளக் கல் அசையாது. அதிலிருந்து ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய், வைத்து மட்டம் எடுக்க வேண்டும். மேஸ்திரிக்கு அது தெரியும். வருகிற ஞாயிறு வரச் சொல்லுங்கள், நானும் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

பாலக்கோடு மேஸ்திரி:

வருகிறேன் ஐயா. ட்யூப் என்னிடம் இருக்கிறது.