கணிப்பு சரியா இருந்தா போதாதா?

ஊசல்காரன்:
ஊசலோட நீளம், விடுற கோணம் ரெண்டையும் கொடுத்தா அலைவு நேரத்தை (ஒரு தடவை போய்த் திரும்ப ஆகுற நேரம்) சொல்ற சின்ன நியூரல் நெட்வொர்க், அதாவது டேட்டாவைப் பார்த்துத் தானே கத்துக்கிற கணினி மாடல், ஒண்ணு செஞ்சேன். பயிற்சி டேட்டா முழுக்க 10 டிகிரிக்குள்ளதான். தனியா எடுத்து வச்ச சோதனை டேட்டாவிலும் பிழை ஒரு சதவீதத்துக்குக் கீழே. லேப்ல ஒருத்தர் பார்த்துட்டு, "இது மனப்பாடம், புரிதல் இல்லை"ங்கிறார். பள்ளிக்கூடச் சூத்திரமும் (T = 2π√(l/g)) இதே விடையைத்தானே தருது? அதுக்கு மட்டும் எதுக்கு 'புரிதல்'ங்கிற பட்டம்?

பழைய இயற்பியல்:
90 டிகிரியில விட்டுப் பாருங்க. நிஜ அலைவு நேரம் சூத்திரம் சொல்றதைவிட சுமார் 18 சதவீதம் கூடுதலா வரும். மாடலும் தோக்கும், சூத்திரமும் தோக்கும். ஆக உங்க கேள்வி நியாயம்தான். சூத்திரத்தை உருப்போட்டவனும் உங்க மாடலும் ஒரே ரகம். (பரீட்சை எழுதின நம்மில் பாதிப் பேர் அந்த ரகம்தான்.)

சூத்திரத்தை அடிப்படையிலிருந்து வருவிச்சுப் பார்த்தவர் கதை வேற. நடுவுல ஒரு வரியில, கோணம் சின்னதுன்னு வச்சுக்கிட்டு, சைன் தீட்டாவை எடுத்துட்டு வெறும் தீட்டா (ஊசலோட கோணம்) போட்டோம்னு அவருக்குத் தெரியும். அதனால ஊசலைத் தொடாமலே சொல்லிடுவார்: கோணம் பெருசானா ஊசலை நடுவுக்கு இழுக்கிற மீள்விசை நாம போட்ட கணக்கைவிடக் குறைவு, மெதுவாத்தான் ஆடும். நிலாவுல ஆடவிட்டா நேரம் ஏறக்குறைய இரண்டரை மடங்குன்னும் சொல்வார். உங்க மாடல்ல ஈர்ப்புன்னு ஒரு உள்ளீடே கிடையாதே!

நிறமாலை:
மனப்பாடத்தை ரொம்ப மட்டம் தட்டாதீங்க சார். 1885-ல யோஹான் பாமர் ஹைட்ரஜன் ஒளியைப் பிரிச்சா தெரியிற நாலு நிறக்கோடுகளோட அலைநீளங்களுக்கு ஒரு சூத்திரம் பொருத்தினார். ஏன் பொருந்துதுன்னு அவருக்கே தெரியாது. 1913-ல நீல்ஸ் போர் விளக்கினார். பாமர் சூத்திரம் இல்லேன்னா போர் எதை விளக்கியிருப்பார்?

பழைய இயற்பியல்:
ஒத்துக்கறேன். ஆனா போர் அதோட நிக்கலை. நட்சத்திர ஒளியில ஹைட்ரஜன்னு நினைச்சிருந்த சில கோடுகள் எலக்ட்ரான் இழந்த ஹீலியத்தோடதுன்னார், சரியா இருந்தது. பாமர் சூத்திரத்தை எவ்வளவு நேரம் முறைச்சுப் பார்த்தாலும் அது வராது.

வார்டு டேட்டா:
எங்க பக்கம் இது உயிர்ப் பிரச்சினை. நிமோனியா நோயாளிகள்ல யாருக்குச் சாகிற அபாயம் அதிகம்னு கணிக்க 1990-கள்ல அமெரிக்காவுல மாடல்கள் செஞ்சாங்க. அதுல ஒண்ணு கத்துக்கிட்ட விதி: ஆஸ்துமா இருந்தா அபாயம் குறைவு! டேட்டாப்படி அது பொய்யில்லை. ஆஸ்துமாக்காரங்களை நேரா ஐசியுவுக்கு அனுப்பிடுவாங்க, அதனால பிழைச்சாங்க. அதை நம்பி 'அபாயம் குறைவு'ன்னு வீட்டுக்கு அனுப்பியிருந்தா? அதே டேட்டாவுல துல்லியத்துல முந்தினது நியூரல் நெட்வொர்க். உள்ளே இன்னும் இதுமாதிரி என்னென்ன ஒளிஞ்சிருக்கோன்னு அதை நோயாளிகள்கிட்ட இறக்கவே இல்லை.

ஊசல்காரன்:
சரி, 60 டிகிரி வரைக்கும் புது டேட்டா எடுத்து ஊட்டினா?

பழைய இயற்பியல்:
60 வரைக்கும் ஜோரா ஓடும். நூலுக்குப் பதில் விறைப்பான கம்பி போட்டு 180 டிகிரியை நெருங்கினீங்கன்னா அலைவு நேரம் எல்லையில்லாம ஏறும், அதை உங்க வளைவு காட்டாது. அலைவு நேரத்தை விடுங்க. ஒவ்வொரு கணமும் கோணத்தைக் கொடுத்து முடுக்கத்தைக் கத்துக்க விடுங்க. சைன் வளைவு வருதான்னு வரைஞ்சு இங்க போடுங்க. வந்தா, சூத்திரத்துக்கு அடியில இருக்கிற விதியையே பிடிச்ச மாதிரி.