எல்லாம் ஒரே தளத்தில்: மாறிய பிறகு உங்கள் கேம்பெயின் எப்படி இருக்கிறது?

விளம்பரத்துக்கு ஒரு கருவி, மெயில் அனுப்ப இன்னொன்று, லீட் (வாங்க ஆர்வம் காட்டியவர்) விவரங்களுக்கு எக்செல் என்று தனித்தனியாக ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் டீம், எல்லாவற்றையும் ஒரே தளத்துக்கு மாற்றியது. அதில் உண்மையிலேயே பலன் தந்ததை மட்டும் சொல்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நேரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் இத்தகைய தளங்களை விற்கிறார்கள். மிச்சமாகிறதுதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: ஒரு வாடிக்கையாளர் ஒரே ஆளாகத் தெரிய ஆரம்பித்தார்.

ஒரு ஆன்லைன் பயிற்சி வகுப்புக்கான கேம்பெயின். ஒருவர் திங்கட்கிழமை ஃபேஸ்புக் விளம்பரத்தைக் கிளிக் செய்து பார்த்துவிட்டுப் போனார். புதன்கிழமை கூகுளில் எங்கள் பெயரையே தேடி, மேலே வந்த விளம்பரம் வழியாக நுழைந்து படிவத்தை நிரப்பினார். வெள்ளிக்கிழமை நினைவூட்டல் மெயிலில் இருந்த லிங்க்கை அழுத்திப் பணம் கட்டினார். மெட்டா வழக்கமாகக் கிளிக்குக்குப் பின் 7 நாள்வரை நடக்கும் விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் ஆட்ஸில் அது வழக்கமாக 30 நாள். மெயில் கருவியும் தன் பங்குக்கு ஒன்று காட்டும். ஆக, நடந்தது ஒரு விற்பனை, ரிப்போர்ட்டில் மூன்று. மாதக் கடைசியில் மூன்றையும் கூட்டினால் வந்த பணத்தோடு எப்படி ஒத்துப்போகும்?

இப்போது அவருடைய பக்கத்தைத் திறந்தால் மூன்று வருகையும் தேதிவாரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. இப்படிப் பணம் கட்டிய பலருடைய பக்கங்களை உட்கார்ந்து படித்தோம். எங்கள் பெயரைத் தேடி விளம்பரம் வழியாக வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேறு வழியில் எங்களை அறிந்தவர்கள். அந்த விளம்பரத்துக்கான பட்ஜெட்டில் ஒரு பகுதியைப் புது ஆட்களை அழைத்து வரும் விளம்பரத்துக்குத் திருப்பினோம். படிவம் நிரப்புவோர் எண்ணிக்கை கூடியது.

இன்னொன்று, பணம் கட்டியவருக்கே ‘இன்னும் சேரவில்லையா?’ என்று விளம்பரம் காட்டுவது நின்றது. பணம் வந்ததும் அவர் பெயர் விளம்பரப் பட்டியலிலிருந்து தானாக விலகிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை இது என்று நினைக்கிறேன்.

பதில்

விற்பனைக் கணக்கு பற்றிச் சொன்னது அப்படியே எங்களுக்கும் பொருந்தும். நான் மெயில் பக்கம் பார்ப்பவன், அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

புதுத் தளத்திலிருந்து அனுப்பும்முன் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (மெயில் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) சரிசெய்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறார். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் டிமார்க் (அந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நாங்கள் முதலில் அண்மையில் கிளிக் செய்தவர்களுக்கு மட்டும் அனுப்பி, பிறகு எண்ணிக்கையை மெல்ல ஏற்றினோம்.

ஓப்பன் ரேட்டை (எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்பதை) வைத்து ஆட்டோமேஷன், அதாவது தானாக நடக்கும் வேலைகளைக் கட்டாதீர்கள். 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிளின் தனியுரிமைப் பாதுகாப்பு, ஆள் படிக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். தளம் அதையும் திறந்ததாகவே எண்ணும். ‘திறந்தால்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு ‘கிளிக் செய்தால்’ என்று வைத்தோம். சேல்ஸுக்குப் போன லீட் குறைந்தது. ஆனால் போன் போட்டால் நின்று பேசுகிறவர்களாக இருந்தார்கள். சேல்ஸ் டீமோடு இருந்த உரசலும் தணிந்தது.

பதில்

எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. இத்தகைய தளங்களில் பல, தொடர்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்குகின்றன. நெடுநாளாகப் பதிலே இல்லாத முகவரிக்கும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். தவிர, நாங்கள் விட்டு வந்த தளம் வெளியேறும்போது பெயரும் மெயிலும் மட்டும் கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பை (எக்செலில் திறக்கும் எளிய பட்டியல்) தந்தது. யார் எப்போது எதைக் கிளிக் செய்தார் என்ற வரலாறு முழுக்க அங்கேயே தங்கிவிட்டது. மேலே நீங்கள் மெச்சிய அந்தத் தேதிவாரிப் பக்கம்தான் போனது. இரண்டே பேர் உள்ள டீம் என்றால், நல்ல மெயில் கருவியும் ஒழுங்கான சிஆர்எம்மும் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) போதும் என்பேன்.

முதல் பதிவு எழுதியவர்

கட்டணம் பற்றிச் சொன்னது சரி. நாங்கள் செயலற்ற முகவரிகளைத் தவறாமல் நீக்குகிறோம். வரலாறு போனது பெரிய இழப்புதான். ஒப்பந்தம் போடும்முன் சோதனைக் கணக்கில் சில தொடர்புகளை ஏற்றி, கிளிக், படிவம், பணம் மூன்றையும் நடத்திப் பார்த்து, எக்ஸ்போர்ட்டில் என்னென்ன வெளியே வருகிறது என்று பாருங்கள்.

ஆள் எங்கிருந்து வந்தார் என்று அறிய லிங்க்கில் வைக்கும் யூடிஎம் பெயர்களையும் முதலிலேயே டீமாக முடிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒருவர், சிறிய எழுத்தில் இன்னொருவர் என்று ஃபேஸ்புக்கை எழுதினால், கூகுள் அனலிட்டிக்ஸில் அது இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். எங்கள் டீமில் லிங்க் உருவாக்குவது இப்போது ஒரே ஆளின் பொறுப்பு.