செயலி வந்தால் நகராட்சி திருந்திவிடுமா?

கீழக்கரையான்:
2015-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செயலியிலும் இணையத்திலும் அரசு வேலையை முடிக்கும் மின்னாளுமை நம் கரையோர ஊர்களுக்கும் முழுமையாக வர வேண்டும். துபாயில் இருந்தபடியே சொத்து வரி கட்டுகிறேன். என் உம்மா சான்றிதழுக்காக எந்தத் தரகரிடமும் போய் நிற்பதில்லை.

கச்சான்:
வரி கட்டுவது எளிதாகிவிட்டது காக்கா, மறுக்கவில்லை. அந்த வரியை எதற்குச் செலவழிப்பது என்று யார் முடிவெடுக்கிறார்கள்? தண்ணீர் வரவில்லை என்று படத்தோடு நகராட்சிச் செயலியில் புகார் கொடுத்தோம். குழாயில் சொட்டு விழும் முன்பே 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலையும் பெண்கள் பலரிடம் அந்தச் செயலியே கிடையாது. அவர்கள் தாகம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கீழக்கரையான்:
அது பொய்யாக முடித்தவரின் குற்றம் தம்பி. முன்பு மனுவைக் கிழித்துப் போட்டால் தடயமே இருக்காது. இப்போது யார், எந்த நாளில் முடித்தார் என்று பதிவாவது இருக்கிறது.

கச்சான்:
பதிவு யார் கையில் இருக்கிறது?

சேதுக்கரை:
சரியான கேள்வி. ஆவணங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே சொல்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு ஏறியது, எந்த வார்டுக்கு எத்தனை மணி நேரம் திறந்தார்கள் என்பதை அளக்கக் கருவி உண்டு. அந்தக் கணக்கு அதிகாரியின் திரையோடு நின்றால் நமக்கு என்ன பயன்? அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 3 லட்சம் பேருக்குக் குறையாத நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. நம் ஊர்கள் அதில் வராது. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை, 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது, அதுதான் நமக்குள்ள வழி. கணக்கை அங்கே படிக்கட்டும்.

கீழக்கரையான்:
கடலுக்குப் போனவரும் வளைகுடாவில் இருப்பவரும் சபைக்கு எப்படி வருவது ஐயா? எங்களுக்குக் கைப்பேசிதான் வாய்.

கச்சான்:
அப்படியென்றால் இதைக் கேளுங்கள் காக்கா: புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரையும் முடிக்கக் கூடாது. செயலி இல்லாதவர் வாயால் சொன்னதும் அதே பட்டியலில் ஏற வேண்டும்.

கீழக்கரையான்:
இதற்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன். சபை மட்டும் போதும் என்பதை இப்போதும் ஏற்கவில்லை.