தரவு அறிவியலும் இணையப் பாதுகாப்பும் இணைந்த பாடம்: முதலில் எதைக் கற்பிப்பது?

கேள்வி: பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்

வணக்கம். முதுநிலை மாணவர்களுக்குத் தரவு அறிவியலையும் இணையப் பாதுகாப்பையும் இணைத்து ஒரு விருப்பப் பாடம் தொடங்கவிருக்கிறோம். ஊடுருவல் கண்டறிதல் (நெட்வொர்க் மீதான தாக்குதல்களை அடையாளம் காணுதல்) குறித்து மாணவர்கள் தரும் திட்ட அறிக்கைகளில் பெரும்பாலானவை, கேடிடி கப் 1999 என்ற பழைய நெட்வொர்க் தரவுத்தொகுப்பை எடுத்துக்கொண்டு, அதில் நான்கைந்து அல்காரிதங்களை ஓட்டி, 99 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் கிடைத்தது என்று முடிந்துவிடுகின்றன. அந்தத் தாக்குதல் எப்படி நடக்கிறது, தரவிலிருந்து பயின்ற மாதிரி (மாடல்) எந்த அடையாளத்தைக் கொண்டு அதைக் கண்டுபிடித்தது என்று கேட்டால் விடை வருவதில்லை. இந்த நிலை மாற வேண்டுமானால் பாடத்தின் முதற்பகுதியில் எதை வைப்பது? நெட்வொர்க் அடிப்படைகளையா, புள்ளியியலையா, இயந்திரக் கற்றலையா?

பதில் 1: நெட்வொர்க் பாதுகாப்பு ஆய்வாளர்

இம்மூன்றுக்கும் முன்பாக, தரவு எப்படி உருவானது என்பதை வையுங்கள். கேடிடி தொகுப்புக்கு மூலமானது, 1998-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்பாவின் திட்டத்துக்காக எம்ஐடி லிங்கன் ஆய்வகம் ஒரு விமானப்படைத் தளத்தின் நெட்வொர்க்கைப் போலச் செயற்கையாக உருவாக்கிய போக்குவரத்து. அதில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருகிறது. 2009-ல் அதன் திருத்திய வடிவமான என்எஸ்எல்-கேடிடி தொகுப்பை உருவாக்கியவர்கள் கணக்கிட்டபோது, பயிற்சிப் பதிவுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு நகல்களாகவே இருந்தன. அப்படிப்பட்ட தரவில் 99 விழுக்காடு பெறுவது அரிய செயலன்று.

இதைவிட ஆழமான பாடம் ஒன்றும் உண்டு. அதே ஆய்வகம் உருவாக்கிய 1999-ஆம் ஆண்டு டார்பா மதிப்பீட்டுத் தரவை ஆய்வாளர்கள் மஹோனியும் சானும் 2003-ல் ஆராய்ந்தபோது, பாக்கெட்டின் (நெட்வொர்க்கில் தரவு பிரித்து அனுப்பப்படும் சிறு துண்டின்) டிடிஎல் மதிப்பு 126 அல்லது 253 ஆக இருந்தால் அது தாக்குதல் என்றும், இயல்பான போக்குவரத்தில் பெரும்பாலும் 127 அல்லது 254 இருப்பதாகவும் கண்டார்கள். டிடிஎல் என்பது பாக்கெட் ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் எண். ஆகவே அந்த வேறுபாடு ஆய்வகத்தில் கணினிகள் இணைக்கப்பட்டிருந்த விதத்தைக் காட்டுகிறதேயன்றித் தாக்குதலின் தன்மையைக் காட்டவில்லை. மாதிரிக்கு இதைப் பிரித்தறியத் தெரியாது. மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே முதல் சில வாரங்கள் பாக்கெட் பதிவுக் கோப்புகளை வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வு மென்பொருளில் திறந்து, கண்ணால் பார்த்துத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைத் தருவேன்.

பதில் 2: புள்ளியியல் கற்பிப்பவர்

மேலே உள்ள கருத்தை ஏற்கிறேன். அதனுடன், அடிப்படை விகிதம் (மொத்த நிகழ்வுகளில் தாக்குதல்களின் பங்கு) பற்றிய ஒரு கணக்கையும் முதல் வகுப்பிலேயே செய்ய வைக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லட்சம் நிகழ்வுகள் வரும் நெட்வொர்க்கில் 100 மட்டுமே தாக்குதல்கள் என்று கொள்வோம். கண்டறியும் கருவி தாக்குதல்களில் 99 விழுக்காட்டைப் பிடிக்கிறது. இயல்பானவற்றில் 1 விழுக்காட்டைத் தவறாகத் தாக்குதல் என்கிறது. அப்படியானால் 99 உண்மை எச்சரிக்கைகளுடன் ஏறத்தாழ 10,000 பொய் எச்சரிக்கைகள் எழும். நூறு எச்சரிக்கைகளில் சுமார் ஒன்றே மெய். ஊடுருவல் கண்டறிதலில் உள்ள இந்தச் சிக்கலை ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999-லேயே எடுத்துக்காட்டினார். இருந்தும் துல்லியம் என்ற ஒற்றை எண்ணே இன்றும் அறிக்கைகளை ஆள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தீம்பொருள் (மால்வேர்) ஆய்வில் காலவரிசையும் முக்கியம். தரவைத் தற்செயலாகக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனப் பிரித்தால், பின்னாளில் தோன்றிய தீம்பொருளைப் பார்த்துப் பயின்ற மாதிரி முன்னாளையதைக் கண்டுபிடிக்கச் சோதிக்கப்படும். நடைமுறையில் அது நிகழவே முடியாது.

பதில் 3: இயந்திரக் கற்றல் ஆய்வு மாணவர்களை வழிநடத்துபவர்

வரிசை குறித்து எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. குறைகளை முதலிலேயே சொல்லிவிட்டால், மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்துகொள்வார்களே தவிர உணர மாட்டார்கள். பழைய தொகுப்பில் அவர்கள் 99 விழுக்காடு பெறட்டும். அடுத்த வாரம் அதே மாதிரியை வேறொரு நெட்வொர்க்கில் திரட்டிய தரவில் சோதிக்கச் சொல்லுங்கள். எண் சரியும்போது, ஏன் சரிந்தது என்று அவர்களே தேடத் தொடங்குவார்கள். இது மாணவர்களுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. முன்னணிப் பாதுகாப்பு மாநாடுகளில் வெளியான 30 கட்டுரைகளை ஆராய்ந்து 2022-ல் வந்த ஒரு ஆய்வு, அவை ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று முறையியல் பிழைகளேனும் இருப்பதாகக் கண்டது.

பல்கலைக்கழக நெட்வொர்க்கிலிருந்தே புதிய தரவைத் திரட்டலாமே என்று சிலர் நினைப்பார்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி அதைத் தொட வேண்டாம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் சரியன்று: நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட பெயரற்ற திரைப்பட மதிப்பீடுகளிலிருந்து ஆட்களை அடையாளம் காண முடியும் என்று நாராயணனும் ஷ்மாட்டிகோவும் 2008-ல் காட்டினார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூன்றாவது பதிலில் உள்ள வரிசையையே பின்பற்ற எண்ணுகிறேன்; பாக்கெட்டுகளைக் கையால் ஆராயும் பயிற்சியை, எண் சரிந்ததற்கு அடுத்த வாரத்தில் வைக்கிறேன். மதிப்பெண் எப்படி வழங்குவது என்பதுதான் எஞ்சியிருக்கிறது.

பதில் 2 எழுதியவர்

துல்லியத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். மாதிரி தவறிய இருபது பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏன் தவறியது என்று பாக்கெட் அளவில் விளக்கச் சொல்லி, அந்த விளக்கத்துக்குப் பாதி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள்.